வாங்கும் காலமும் விற்கும் காலமும்: சீனத் தத்துவத்தில் ஒரு வியாபாரப் பாடம்

வியாபாரம் செய்பவருக்கு வேண்டிய அறிவு யாது என்று கேட்டால், சரக்கின் தரம் அறிதல், கணக்கு அறிதல், சந்தை நிலவரம் அறிதல் என்று நம் சங்க நிர்வாகிகள் உடனே விடை கூறுவர். அவை மூன்றும் இன்றியமையாதவையே. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக வேறோர் அறிவு உண்டு என்றும், அது இல்லாதவனுக்கு வியாபார வித்தையைக் கற்பிப்பதே வீண் என்றும் சீன நாட்டு வணிகர் ஒருவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிய பழங்காலத்தில் கூறிச் சென்றார். அவருடைய கொள்கையையும், அதற்கு முன்னும் பின்னும் அந்நாட்டில் வழங்கிய கருத்துக்களையும் இப்பாடத்தில் ஆராய்வோம். உழவரும் நெசவாளரும் ஒருங்கே படிக்கத் தக்க விஷயம் இது. அந்த வணிகர் கையாண்ட சரக்குகள் தானியமும் பட்டுமேயாகும்.

பண்டைச் சீனத்தில் சமுதாயத்தை நான்கு வகுப்பாகப் பிரித்துச் சொல்லும் வழக்கம் இருந்தது. கற்றோர், உழவர், கைத்தொழிலாளர், வணிகர் என்பது அவ்வரிசை. வணிகருக்குக் கடைசி இடம். உழவன் விளைவிக்கிறான், தொழிலாளி செய்கிறான், வணிகனோ பிறர் ஆக்கியதை இடம் மாற்றி லாபம் அடைகிறான் என்பது கற்றோர் சொன்ன காரணம். நேர்மையையும் லாபத்தையும் எதிரெதிராக நிறுத்திப் பேசும் மரபும் கன்பூசியஸின் (கி.மு. 551-479) வழிவந்தோரிடம் வேரூன்றியிருந்தது. ஆகவே வணிகரின் அறிவை ஓர் அறிவாகவே மதித்து எழுதத் துணிந்தவர் மிகச் சிலர்.

அச்சிலருள் தலையாயவர் சீமா சியான் என்னும் சரித்திராசிரியர். ஹான் வம்சத்து அரசவையில் பணி புரிந்த இவர், 130 அத்தியாயங்கள் கொண்ட பெரிய சரித்திர நூலை இயற்றினார். அதன் 129-ஆம் அத்தியாயம் பொருளீட்டியவர்களின் வரலாறு. அரசரையும் சேனாபதிகளையும் பற்றி எழுதிய அதே பேனாவால் உப்பு விற்றவரையும், இரும்பு உருக்கியவரையும், தானியம் சேர்த்தவரையும் பற்றி அவர் எழுதினார். இதற்காகப் பின்வந்த ஆசிரியர் பான் கூ அவரைக் குறை கூறினார். ஆயினும் சீமா சியானுக்குப் பணத்தின் அருமை ஏட்டில் படித்த விஷயமன்று. கி.மு. 99-ல் ஹூணரிடம் சரணடைந்த சேனாபதி லீ லிங் என்பவருக்காக அரசவையில் பரிந்து பேசியதால் அவர் பெருந்தண்டனைக்கு உள்ளானார். அக்காலச் சட்டப்படி பணம் செலுத்தித் தண்டனையிலிருந்து மீளலாம். அவர் வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. நண்பர்களும் கை கொடுக்கவில்லை. ஆண்மை நீக்கும் தண்டனையை ஏற்று, எழுதிவந்த நூலை முடிப்பதற்காகவே உயிர் வாழ்ந்தார். அவர் வணிகரைப் பற்றி எழுதியதைப் படிக்கும்போது இச்செய்தியையும் மனத்திற் கொள்ளுதல் நன்று.

அவ்வத்தியாயத்தில் முதலில் நாம் காண்பவர் ஜீ ரான் என்னும் ஆலோசகர். யூவே நாட்டரசன் கோஜியான், வூ நாட்டாரிடம் தோற்று மானமிழந்து நின்ற காலம் அது. படை திரட்டுவதற்கு முன் நாட்டின் பொருளை எவ்வாறு பெருக்குவது என்று ஜீ ரான் அவனுக்கு எடுத்துரைத்தார். அவர் கொள்கையின் வேர் சீனத் தத்துவத்தின் பொது உடைமையாகிய ஒரு கருத்து: எந்த நிலையும் தன் எல்லையை அடைந்தவுடன் எதிர்த்திசையில் திரும்பும். இருளும் ஒளியும், குளிரும் வெப்பமும் மாறி மாறி வருவதை யின், யாங் என்று அவர்கள் பெயரிட்டு விளக்கினர். லாவோ சூ என்னும் ஞானியின் பெயரால் வழங்கும் நூலிலும் இத்திரும்புதலே உலக இயக்கத்தின் இயல்பாகப் பேசப்படுகிறது. ஜீ ரான் இதனைக் கடைவீதிக்குக் கொண்டுவந்தார். விலை மிக உயர்ந்த பொருள் இறங்கத் தொடங்கும்; மிக இறங்கியது ஏறத் தொடங்கும். ஆகையால் விலை உச்சியில் இருக்கும்போது கையிலுள்ள சரக்கைக் குப்பைபோல் எண்ணித் தள்ளிவிடவேண்டும். அடிமட்டத்தில் இருக்கும்போது மணிபோல் மதித்து வாங்கவேண்டும் என்பது அவருடைய கருத்து. மழையில்லாக் காலத்தில் படகில் முதல் போடு, வெள்ளக் காலத்தில் வண்டியில் முதல் போடு என்னும் பொருள்பட அவர் சொன்னதும் இதனால்தான். வறட்சியில் படகு மலிவு; அடுத்து வரப்போவது தண்ணீர்.

இது கேட்பதற்கு எளிது. செய்வது கடினம். விலை ஏறும்போது இன்னும் ஏறும் என்று தோன்றுவதும், இறங்கும்போது இன்னும் இறங்கும் என்று அஞ்சுவதும் மனித இயல்பு. சந்தையில் எல்லோரும் வாங்கும் நாளில் நாமும் வாங்கினால் நம்மை யாரும் குறை சொல்லமாட்டார்கள். யாரும் வாங்காத நாளில் வாங்கினால் பொதுக்குழுவில் கேள்வி எழும். இந்தக் கூச்சமே பல நிர்வாகக் குழுக்களை நல்ல சமயத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் செய்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

ஜீ ரானிடம் தள்ளத்தக்கதும் உண்டு. வியாழன் கிரகம் 12 ஆண்டுகளில் வானத்தைச் சுற்றி வருவதை வைத்து, இன்ன ஆண்டு விளைச்சல், இன்ன ஆண்டு வறட்சி என்று அவர் கணித்தார். வியாழனுக்கும் மழைக்கும் தொடர்பில்லை என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர். ஆனால் பல ஆண்டு விளைவையும் விலையையும் குறித்து வைத்து, அவற்றிடையே ஓர் ஒழுங்கு உண்டா என்று தேடும் பழக்கம் அக்கணிப்பினுள் அடங்கியிருந்தது. அப்பழக்கத்தைக் கொள்ளலாம், கிரகத்தை விட்டுவிடலாம்.

அவர் கூறியவற்றுள் உழவருக்கு மிகவும் பயன்படுவது விலையின் எல்லை பற்றியதாகும். ஒரு குறித்த அளவு தானியத்தின் விலை 20 காசாக இறங்கினால் உழவன் நோகிறான். 90 காசாக ஏறினால் வணிகனும் கைத்தொழிலாளியும் நோகின்றனர். உழவன் நொந்தால் நிலத்தில் களை மண்டும். மற்றவர் நொந்தால் பணப் புழக்கம் நின்றுவிடும். 30-க்குக் குறையாமலும் 80-க்கு மேற்படாமலும் விலையை நிறுத்தினால் இரு சாராரும் வாழ்வர் என்பது அவர் கணக்கு. எண்களை விட அவை எழுந்த நோக்கம் கவனிக்கத் தக்கது. விற்பவனுக்கு எவ்வளவு உயர்ந்தாலும் நல்லதே என்று அவர் கருதவில்லை. உழவன் விளைத்த தானியத்தை உண்பவன் நெசவாளி. நெசவாளி நெய்த துணியை உடுப்பவன் உழவன். ஒருவன் கை ஒடிந்தால் மற்றவனுடைய சரக்குக்குக் கிராக்கி இல்லை.

இக்கொள்கைகளைத் துணைக்கொண்டு யூவே நாடு பத்து ஆண்டுகளில் செழித்தது என்றும், பின்னர் வூ நாட்டை அழித்தது என்றும் சீமா சியான் எழுதுகிறார். வூ நாடு அழிந்தது கி.மு. 473-ல். அவ்வெற்றிக்குத் துணை நின்ற அமைச்சர் பான் லீ, வெற்றிக்குப் பின் அரசனை விட்டு நீங்கினார். நாட்டுக்குப் பயன்பட்ட உபாயங்களை இனி வீட்டில் பயன்படுத்திப் பார்ப்போம் என்று எண்ணிப் பெயரை மாற்றிக்கொண்டு, தாவ் என்னும் ஊரில் குடியேறி வணிகரானார். அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம், அது பல நாடுகளுக்கு நடுவே நாற்புறமும் வழிகள் கூடும் இடமாக இருந்ததுதான். 19 ஆண்டுகளில் மும்முறை ஆயிரம் பொன் ஈட்டி, இருமுறை அதனை ஏழை நண்பருக்கும் தூரத்து உறவினருக்கும் பகிர்ந்தளித்தார் என்பது வரலாறு. தகுந்த ஆளைத் தேர்ந்தபின் காலத்தின் போக்கை நம்பினாரே யன்றி, லாபம் வரவில்லை என்று ஆட்களைக் கடிந்து கொள்ளவில்லை என்று சரித்திராசிரியர் அவரைப் புகழ்கிறார். விற்பனை குறைந்த மாதத்தில் விற்பனையாளர் மீது பாயும் நிர்வாகிகள் இவ்விடத்தை இருமுறை படிக்கலாம்.

இனி, தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட வணிகருக்கு வருவோம். அவர் பெயர் பாய் குய், சோவ் நாட்டவர். பிறர் வேண்டாமென்று விடுவதைத் தான் எடுத்துக்கொள்வதும், பிறர் விரும்பித் தேடுவதைத் தான் கொடுப்பதும் அவருடைய முறை. அறுவடை முடிந்து களமெல்லாம் தானியம் குவிந்திருக்கும்போது அவர் தானியத்தை வாங்கிக்கொண்டு, பட்டு நூலையும் அரக்குச் சாயத்தையும் உழவருக்குக் கொடுப்பார். பட்டுக்கூடு இறங்கும் பருவத்தில் பட்டையும் பஞ்சையும் வாங்கிக்கொண்டு, தானியத்தைக் கொடுப்பார்.

இம்முறையைச் சற்று நின்று நோக்குவோம். அறுவடைக் காலத்தில் உழவனிடம் தானியம் மிகுதி. துணிமணி வாங்கும் நாளும் அதுவே. கூடு இறங்கும் காலத்தில் பட்டுத் தொழிலாளியிடம் பட்டு மிகுதி. பழைய தானியம் தீர்ந்து சோற்றுக்கு அலையும் நாளும் அதுவே. பாய் குய் ஒவ்வொருவரிடமும் மிகையாக இருந்ததை வாங்கினார்; ஒவ்வொருவருக்கும் குறையாக இருந்ததை விற்றார். வாங்குகிற கையும் விற்கிற கையும் ஒரே நாளில் வேலை செய்தன. தானியம் வாங்கப் பட்டே முதலாயிற்று. பட்டு வாங்கத் தானியமே முதலாயிற்று. வெறும் பதுக்கல்காரன் மலிவில் வாங்கி, கதவைப் பூட்டிவிட்டு, பஞ்சம் வரும்வரை காத்திருப்பான். பாய் குய்யின் கிடங்கிலோ ஒரு வாயிலில் சரக்கு நுழையும்போது மறு வாயிலில் சரக்கு வெளியேறிக்கொண்டிருந்தது. தேங்கிய பணம் பணமன்று, அது நீர்போல் ஓடவேண்டும் என்று ஜீ ரான் கருதியதும் இதுவே.

உழவருக்கென்று அவர் ஒரு நுட்பம் சொல்லியிருக்கிறார். பணம் பெருக வேண்டுமானால் தாழ்ந்த ரகத் தானியத்தில் வியாபாரம் செய். விளைச்சல் பெருக வேண்டுமானால் உயர்ந்த ரக விதையைத் தேர்ந்தெடு என்பது அதன் பொருள். ஏழை மக்கள் நாள்தோறும் உண்பது தாழ்ந்த ரகமே. ஆகவே அதற்கு விற்பனை ஓய்வதில்லை. விதையில் மட்டும் மலிவு பார்க்கலாகாது.

பாய் குய் எளிய உணவு உண்டார். ஆடையில் சிக்கனம் காட்டினார். தம்மிடம் வேலை செய்த அடிமைகளோடு இன்ப துன்பங்களைப் பகிர்ந்து கொண்டார். ஆனால் தருணம் வாய்த்தபோது வேட்டைப் பறவைபோல் பாய்ந்தார். தம் தொழிலை அமைச்சரின் ஆலோசனைக்கும், சுன் சூ போன்ற போர்நூல் ஆசான்களின் படை நடத்தலுக்கும் ஒப்பிட்டுப் பேசினார். வணிகனைக் கடைசி வரிசையில் வைத்த நாட்டில் இது துணிவான பேச்சு. அதனோடு அவர் ஒரு நிபந்தனையும் விதித்தார். நிலைமை மாறும்போது தானும் மாறத்தக்க அறிவு, தீர்மானம் செய்யத்தக்க துணிவு, எடுக்கவும் கொடுக்கவும் தெரிந்த நல்லுள்ளம், பிடித்ததைக் காத்து நிற்கும் உரம் ஆகிய நான்கும் இல்லாதவன் எவ்வளவு வேண்டினாலும் தம் வித்தையைக் கற்பிப்பதில்லை என்றார்.

வியாபார நுணுக்கம் இன்று விற்கும் புத்தகங்களில் நிறையக் கிடைக்கிறது. அவை பெரும்பாலும் முதல் இரண்டைப் பற்றியே பேசுகின்றன. மூன்றாவதாக நல்லுள்ளத்தை ஏன் வைத்தார்? இதற்குச் சீனர் வழங்கும் சொல் ‘ரென்’ என்பது. கன்பூசியஸின் போதனை முழுவதற்கும் நடுநாயகமான சொல் அதுவே. மனிதன் மனிதனிடம் காட்டவேண்டிய அன்பையும் பரிவையும் குறிப்பது. அறநூலுக்குரிய அச்சொல்லை வணிகர் ஒருவர் கொடுக்கல் வாங்கலுக்கு வேண்டிய தகுதியாக மாற்றி வைத்தார். விட்டுக்கொடுக்கத் தெரியாதவன் உச்ச விலைக்கு ஒரு காசு முன்னதாக விற்கமாட்டான். அடுத்தவனும் சிறிது லாபம் பெறட்டும் என்று நினைக்கமாட்டான். அதனாலேயே விற்கும் தருணத்தைத் தவற விடுவான். ஆகவே இங்கு அறமும் நுட்பமும் ஒன்றாகவே நிற்கின்றன.

கன்பூசியஸின் மாணவருள்ளேயே வணிகர் ஒருவர் இருந்தார். சீகோங் என்பது அவர் பெயர். சாவ், லூ நாடுகளுக்கிடையே வாணிபம் செய்து, மாணவர் எல்லாரினும் செல்வரானார். விலைப்போக்கைப் பற்றிய அவருடைய ஊகங்கள் பெரும்பாலும் பலித்தன என்பதை ஆசிரியரே குறிப்பிட்டிருக்கிறார். அதைப் புகழ்ச்சியாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று உரையாசிரியர்கள் வாதிட்டு வருகின்றனர். அரசாட்சிக்கு வேண்டியவை எவை என்று சீகோங் ஒருமுறை கேட்டார். உணவு, படை, மக்களின் நம்பிக்கை என்று மூன்றை ஆசிரியர் கூறினார். ஒன்றை விடவேண்டி வந்தால்? படையை விடலாம் என்றார். மற்றொன்றையும் விட நேர்ந்தால் உணவையே விடலாம், நம்பிக்கையை விடலாகாது என்றார். எதை முதலில் விற்பது, எதைக் கடைசிவரை வைத்துக்கொள்வது என்ற முறையில் அமைந்த அக்கேள்வியில் வணிகரின் மனம் தெரிகிறது.

இதே மரபில் வந்த மென்சியஸ் என்னும் அறிஞர் ஒரு பழங்கதை சொல்லுகிறார். முற்காலத்துச் சந்தையில் மக்கள் தம்மிடம் உள்ளதைக் கொடுத்து இல்லாததைப் பெற்றனர். அதிகாரிகள் ஒழுங்கு பார்த்தனர், வரி இல்லை. பேராசைக்காரன் ஒருவன் சந்தையருகே ஒரு மேட்டைத் தேடி ஏறி நின்றான். இடமும் வலமும் நோக்கி, எங்கே லாபம் என்று கண்டு, சந்தை லாபம் முழுவதையும் தானே வாரிக்கொண்டான். மக்கள் அவனை இழிவாகக் கருதி அவன் மீது வரி விதித்தனர். வணிகர் மீது வரி தோன்றியது அவனால்தான் என்று கதை முடிகிறது. அந்த மேட்டைக் குறிக்கும் ‘லோங்துவான்’ என்ற சொல்லே இன்றுவரை சீன மொழியில் ஏகபோகத்துக்குப் பெயர். மேட்டிலிருந்து பார்ப்பது குற்றமன்று. சந்தை நிலவரத்தை அறிய ஒரு மேடு வேண்டும். கண்டதைத் தன் மடியில் மட்டும் கட்டிக்கொள்வதே குற்றம். விற்பனைச் சங்கமும் அப்படிப்பட்ட ஒரு மேடுதான். அதன்மேல் ஏறி நிற்பவர் அத்தனை அங்கத்தினரும் என்பதே வேறுபாடு.

அண்மைக் காலத்திலும் இம்மரபு அற்றுப்போகவில்லை. சிங்தாவ் நகரில் கூட்டுடைமையாக இருந்த ஒரு குளிர்பெட்டித் தொழிற்சாலைக்கு 1984 டிசம்பரில் தலைவராக வந்த சாங் ருய்மின், மறு ஆண்டில் குறையுள்ள 76 பெட்டிகளைத் தொழிலாளர் கண்முன் சம்மட்டியால் உடைக்கச் செய்தார். இன்று ஹாயர் என்று உலகெங்கும் அறியப்படும் நிறுவனம் அதுவே. லாவோ சூவின் கருத்துக்களை நிர்வாகத்துக்குப் பொருத்திப் பேசுவது அவர் வழக்கம்.

பாய் குய்யின் நான்கு தகுதிகளில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டுச் சீனத்திலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். நெசவாளர் அனைவரும் அறிய வேண்டிய வரலாறு அது.

1823-ல் பிறந்த ஹூ ஷுவேயான் என்பவர் ஹாங்சோ நகரில் ஒரு வட்டிக்கடையில் சிறுவனாக வேலைக்கு அமர்ந்து, படிப்படியாக உயர்ந்து, பல நகரங்களில் கிளைகள் கொண்ட வங்கிக்கு உடைமையாளரானார். சேனாபதி ட்சோ ட்சோங்தாங்கின் மேற்குப் படையெடுப்புக்கு அயல்நாட்டாரிடம் கடன் ஏற்பாடு செய்து கொடுத்து அரசாங்கப் பட்டமும் பெற்றார். 1874-ல் அவர் ஹாங்சோவில் ஒரு மருந்துக் கடையை நிறுவினார். அங்கே இரு பலகைகள். பொய் விலை இல்லை, சரக்கும் விலையும் ஒன்றே என்னும் பொருளுடைய பலகை வாடிக்கையாளர் பார்க்க வெளிநோக்கித் தொங்கியது. ஏமாற்றுதலை ஒழி என்னும் பொருளில் 1878-ல் அவரே எழுதிய பலகை உள்நோக்கித் தொங்கியது; அதனை வாடிக்கையாளர் காண்பதில்லை, கடை ஊழியரே காண்பர். கன்பூசியஸ் கூறிய நம்பிக்கை கடைச் சுவரில் இவ்வாறு இடம் பெற்றது.

அவர் பட்டு வியாபாரத்திலும் பெருமளவில் ஈடுபட்டார். கச்சாப் பட்டை விளைப்பவர் சீன உழவர். விலையை வைப்பவர்களோ ஷாங்காய் துறைமுகத்திலிருந்த அயல்நாட்டு வியாபாரிகள். உழவர் தனித்தனியே கொண்டுவந்து விற்றதால் சொன்ன விலைக்கே தரவேண்டியிருந்தது. ஹூ இதனை மாற்ற எண்ணினார். 1882-லும் 1883-லும் கச்சாப் பட்டை ஏராளமாக வாங்கிச் சேர்த்து, அயல்நாட்டார் தம்மிடமே வந்து தீரவேண்டிய நிலையை உண்டாக்க முயன்றார். நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. துணிவுக்கும் குறைவில்லை.

அறிவில் ஒரு குறை நேர்ந்தது. அவர் சீனக் கூடுகளையே கணக்கிட்டார். 1883-ல் இத்தாலியில் பட்டு நன்றாக விளைந்தது. ஷாங்காய்க்கும் ஐரோப்பாவுக்கும் இடையே கடலடித் தந்தி 1871 முதலே இருந்தபடியால் அச்செய்தி அயல்நாட்டு வியாபாரிகளுக்கு விரைவில் எட்டியது. அவர்கள் அவசரப்படவில்லை. உரத்தில் நேர்ந்த குறையோ அதனினும் பெரிது. பட்டில் முடங்கிய பணத்தில் பெரும்பகுதி அவருடைய வங்கியில் பொதுமக்களும் அதிகாரிகளும் வைத்திருந்த வைப்புத்தொகை. கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய பணம். அவ்வாண்டு ஷாங்காயில் பங்கு வியாபாரம் சரிந்தது; பிரான்ஸுடன் போர் மூளும் என்ற பேச்சும் எழுந்தது. எங்கும் பணத் தட்டுப்பாடு. வைப்புதாரர் வங்கி வாயிலில் கூடினர். ஹூ பட்டை நஷ்டத்துக்கு விற்றார்; ஆண்டு முடிவதற்குள் வங்கிகள் மூடப்பட்டன. பட்டமும் பறிபோயிற்று. 1885-ல் அவர் காலமானார். மருந்துக் கடை வேறு கைக்கு மாறியது, ஆயினும் மூடப்படவில்லை. இன்றும் ஹாங்சோவில் அக்கடையைக் காணலாம். மருத்துவ அருங்காட்சியகமாகவும் விளங்குகிறது.

ஹூ தோற்றது பேராசையால் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. காத்திருக்க வேண்டிய காலம் நீண்டது. கையிலிருந்த பணமோ குறுகிய காலப் பணம். பட்டு ஆறு மாதமோ ஓர் ஆண்டோ இருக்கக்கூடிய சரக்கு. வைப்புப் பணம் ஒரு நாளில் போகக்கூடியது. இவ்விரண்டையும் பொருத்தியதே அவர் வீழ்ச்சிக்குக் காரணம். நம் சங்கங்களின் பேரேடுகளைத் தணிக்கை செய்யும்போது நாம் முதலில் நோக்குவதும் இந்த இடத்தையே. நூல் விலை இறங்கியிருக்கிறது என்று ஆறு மாதத் தேவைக்கு வாங்கி வைக்கிறார்கள். வாங்கியது நல்ல விலையே. ஆனால் அது பங்குத்தொகையிலும் காப்பு நிதியிலும் வாங்கியதா, ரொக்கக் கடனில் வாங்கியதா என்று கேட்டால் நிலைமை மாறிவிடுகிறது. துணி தேங்கி நிற்கும் பருவத்தில் கடன் தவணை வந்தால், மலிவாக வாங்கிய நூலில் நெய்த துணியை அதனினும் மலிவாகத் தள்ளவேண்டியதாகும். கடன் வாங்கவே கூடாது என்பது நம் கருத்தன்று. சரக்கு எத்தனை மாதம் கிடக்கும், கடன் எத்தனை மாதம் பொறுக்கும் என்ற இரண்டு எண்களையும் தீர்மானப் புத்தகத்தில் அடுத்தடுத்து எழுதிவிட்டு வாங்கட்டும்.

தனி உழவனுக்கு இந்த உரம் என்றுமே கிடைப்பதில்லை. விலை திரும்பும் என்பதை அவன் பாய் குய்யைப் படிக்காமலே அறிவான். அறுவடை மாதத்தில் மலிவு, விதைப்பு மாதத்தில் கிராக்கி என்பது களத்திலுள்ள சிறுவனுக்கும் தெரியும். துணிவும் நல்லுள்ளமும் அவனிடம் உண்டு. வரி, கூலி, கடன், கலியாணம் எல்லாம் அறுவடையன்றே வந்து நிற்பதால் அவன் விற்றுவிடுகிறான். நான்காவது தகுதி மனத்தின் உறுதியை மட்டும் பொறுத்ததன்று. கிடங்கையும் கைப்பணத்தையும் பொறுத்தது. அதனைப் பலர் கூடித்தான் உண்டாக்க முடியும்.

சீனத்தில் இதனை அரசாங்கம் செய்து பார்த்தது. வேய் நாட்டு அமைச்சர் லீ குய் ஒரு முறை வகுத்தார். மிக நல்ல விளைச்சல் ஆண்டில் மிகையாக உள்ள தானியத்தில் நான்கில் மூன்று பங்கை அரசு வாங்கும்; நடுத்தர விளைச்சலில் குறைவாகவும், அதற்கும் தாழ்ந்த விளைச்சலில் இன்னும் குறைவாகவும் வாங்கும்; பஞ்சம் வந்தால் அதன் கடுமைக்குத் தக்கவாறு வெளியே விடும். பின்னர் கி.மு. 54-ல் கெங் ஷோசாங் என்னும் அதிகாரி எல்லைப்புற மாகாணங்களில் ‘என்றும் சமநிலைக் களஞ்சியம்’ என்ற பெயரில் இதனை அமைத்தார். மலிவான காலத்தில் விலையை உயர்த்தி வாங்குவது, கிராக்கிக் காலத்தில் விலையைக் குறைத்து விற்பது என்பது அதன் விதி. பத்து ஆண்டுகளில், கி.மு. 44-ல், அரசு மக்களோடு லாபத்துக்குப் போட்டியிடலாகாது என்று கன்பூசிய அறிஞர்கள் வாதிட்டதன் பேரில் அது நிறுத்தப்பட்டது. ஆயினும் பிற்கால வம்சங்கள் அதனை மீண்டும் மீண்டும் புதுப்பித்தன.

அக்களஞ்சியம் கடல் கடந்த கதை வியப்பானது. சென் ஹுவான்சாங் என்னும் சீன மாணவர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று, கன்பூசியஸின் பொருளாதாரக் கொள்கைகளைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூல் 1911-ல் வெளிவந்தது. அதில் இக்களஞ்சியத்தைப் பற்றி விளக்கியிருந்தார். விவசாயப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்த ஹென்றி வாலஸ் அதனைப் படித்தார். பின்னாளில் அவர் அமெரிக்க விவசாய இலாகாவின் தலைவரானபோது, 1938-ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தில் அதே பெயரோடு இக்கருத்து இடம்பெற்றது. உழவன் தானியத்தைச் சேமிப்பில் வைத்துக்கொண்டு அதன் ஈட்டின் மீது கடன் பெறுவான்; விலை உயர்ந்தால் விற்றுக் கடனை அடைப்பான்; உயராவிட்டால் தானியத்தையே ஒப்படைத்துவிடலாம்.

நம் விற்பனைச் சங்கங்கள் வழங்கும் விளைபொருள் ஈட்டுக் கடனும் இதற்குக் கிட்டிய உறவே. தானியத்தை ஒப்படைத்துவிட்டுக் கடனிலிருந்து விடுபடும் வசதி மட்டும் நம்மிடம் இல்லை. ஆகையால் கெடு முடியுமுன் விற்பதா, வைப்பதா என்று அங்கத்தினரே தீர்மானிக்க வேண்டியவராகிறார். தீர்மானிக்குமுன் ஜீ ரானின் மற்றொரு விதியையும் அவர் நினைவில் வைப்பது நல்லது. சேர்த்து வைக்கும் சரக்கு கெடாத சரக்காக இருக்கவேண்டும். அழுகக் கூடியதையும் பூச்சி அரிப்பதையும் விலை ஏறும் என்று வைத்திருக்கலாகாது என்பது அது. நெல்லை நன்கு காயவைத்து, பதர் தூற்றி, ஈரம் போன பின்பே கிடங்குக்குக் கொண்டுவருக. தளத்தின் மேல் நேரே அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கச் சொல்லுக. நூல் கட்டுக்களையும் அவ்வாறே. சுவரோரம் ஒரு முழம் இடம் விட்டு வைத்தால் மழை மாதத்தில் ஓதம் ஏறாது. ரசீதில் எடையோடு சரக்கின் தரமும் தேதியும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுக.